கல்லடி உப்புக்காற்றில் சுவரில் அடித்த மரச்சட்டம்: ஆறு வருடக் கதை

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். 1978 சூறாவளி கூரையைக் கொண்டுபோன பிறகு அப்பா திருத்திக் கட்டியது, வெளிச்சுவர் முழுக்கச் சீமெந்துக் கலவையைக் கையால் எறிந்து போட்ட சொரசொரப்பான பூச்சு. உறுதியில் குறை சொல்ல முடியாது, பார்க்கத்தான் பழைய பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். பூச்சை உடைக்க மனம் வராமல் 2019 சித்திரையில் ஜன்னல்களைச் சுற்றி நாலு அங்குல முதிரைச் (உறுதியான ஒரு மரம்) சட்டமும் முன்பக்கம் குறுக்காக மூன்று பட்டியும் அடித்தோம். சுவருக்கு வெள்ளை, மரத்துக்கு வார்னிஷ். வீதியால் போனவர்கள் நின்று பார்த்தார்கள், எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அப்புறம் மாரி வந்தது.

முதலில் கெட்டது மரமில்லை, ஸ்குறூ. ஒரே மாரியில் துருப்பிடித்து, ஒவ்வொரு தலைக்குக் கீழேயும் வெள்ளைச் சுவரில் கண்மை கரைந்த மாதிரி ஒரு கோடு. "முதிரைக்கு ஒன்றும் ஆகாது தம்பி" என்று ஓடாவியார், அதாவது தச்சர், சொன்னது பொய்யில்லை, முதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெரிய பிழை நான் செய்தது. சொரசொரப்பான பூச்சில் பலகை மேடுகளில் மட்டும்தான் உட்காரும், பின்னால் முழுக்க இடைவெளி. அதை மறைக்க நாலு பக்கமும் சிலிக்கன் போட்டு அடைத்தேன், கீழ் விளிம்பையும் சேர்த்து. மேலே எங்கேயோ மயிரிழை அளவு வெடிப்பு, வாடைக்காற்றோடு அடித்த மழை அதனால் உள்ளே போனது, வெளியே வர வழியில்லை. மூன்றாம் வருடம் கடல்பக்க அறையின் உட்சுவரில் பெயின்ற் கொப்புளித்தபோதுதான் கழற்றிப் பார்த்தோம். முன்பக்கம் மூன்று பூச்சு வார்னிஷ், பின்பக்கம் ஒன்றுமே இல்லை, பூஞ்சணம் பிடித்துக் கறுத்துக் கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்ததால் பலகை வளைந்தும் இருந்தது.

2022இல் குசினி ஜன்னல் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப அடித்தோம். ஸ்குறூ எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ், உப்புக்காற்றைத் தாங்கும் எஃகு. விலை கேட்டதும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் இன்றுவரை ஒரு துருக்கோடு இல்லை. பலகைக்குப் பின்னால் சின்னச் சின்னக் கட்டைகள் வைத்துக் காற்றோட விட்டோம், மேல் விளிம்பை வெளிப்பக்கம் சரிவாகச் சீவினோம், சிலிக்கன் மேலேயும் பக்கங்களிலும் மட்டும், கீழே திறந்தபடி. அறுத்த முனைகளுக்குத்தான் கூடுதலாக எண்ணெய் கொடுத்தோம், மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான்.

வார்னிஷையும் விட்டுவிட்டேன். மேற்குச் சுவரில் கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து அதைச் சருகு மாதிரி உரித்துவிடும், ஒவ்வொரு தடவையும் முழுக்கச் சுரண்டித்தான் அடுத்த பூச்சு. மரத்துக்குள் ஊறும் எண்ணெய் மங்குமே தவிர உரியாது. புரட்டாதியில் அரைநாள் துணியால் பூசினால் அந்த வருடத்துக்குப் போதும்.

கறையானும் வந்தது, அது ஒரே இடத்தில். காசு பத்தாமல் வாசல் ஓரத்துக்கு மட்டும் மாமரப் பலகை போட்டு மண்ணைத் தொட நிறுத்தியிருந்தோம். பெயின்ற் அடித்த முன்பக்கம் அப்படியே இருக்க உள்ளே வெறும் கோது. இப்போது அங்கே சீமெந்து நார்ப் பலகை, நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில். மர ரேகை அச்சடித்தது என்று கிட்டப் போனால் தெரியும், வீதியிலிருந்து தெரியாது.

குசினி ஜன்னலில் மட்டும் இன்னும் பழைய ஸ்குறூ. மழைக்கு முன் மாற்றவேண்டும், ஓடாவியாரும் "திங்கள் வாறன்" என்று மூன்று திங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.