லீவுக்கு ஊருக்கு வந்தேன், யூரின்ல மாட்டிக்கிட்டேன்

மே மாசம் மூணு வாரம் லீவு போட்டு தோஹாலேர்ந்து கும்பகோணம் போயிருந்தேன். அக்கா பேரன் காதுகுத்துன்னு சொல்லித்தான் லீவு வாங்கினேன், ஆனா மனசுல இருந்த வேலை வேற. ரெண்டு வருஷமா தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த டெர்ம் இன்சூரன்ஸை இந்தத் தடவையாவது எடுத்துடணும், மெடிக்கல் டெஸ்ட்டை ஊர்லயே முடிச்சுடணும்னு வந்தேன். நம்மள மாதிரி வெளிநாட்டுல இருக்கறவங்க நிறைய பேர் லீவுலதான் இதப் பண்றாங்க, அதனால நடந்ததை அப்படியே எழுதறேன், யாருக்காவது உபயோகப்படும்.

மொதல்ல நல்லதைச் சொல்லிடறேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கற சர்வீஸ் நம்ம ஊர்ல இப்ப சூப்பரா இருக்கு. காலைல ஆறே முக்காலுக்கு வரேன்னு சொன்ன தம்பி ஆறரைக்கே வாசல்ல பைக்கை நிறுத்திட்டு நின்னாரு, ஐஸ் டப்பா, கையுறை எல்லாம் சரியா இருந்துச்சு, ஊசி குத்தினதே தெரியல. யூரின் பிடிக்க டப்பா குடுத்துட்டு அம்மா போட்ட காபியைக் கூட வேணாம்னுட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிட்டாரு. தோஹால இதுக்கு நான் அரை நாள் பர்மிஷன் போடணும்.

மூணாம் நாள் ரிப்போர்ட் வந்துது. சுகர் நார்மல், கொழுப்பு கொஞ்சம் தூக்கல், அதுக்குக் கீழ ஒரு வரி: கோட்டினின், யூரின், பாசிட்டிவ். அதாவது சிகரெட்ல இருக்கற நிகோடின் உடம்புக்குள்ள போயிருக்குன்னு அர்த்தம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஏன்னா நான் சிகரெட்டை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. 14 வருஷம் ஒரு நாளைக்குப் பத்துன்னு ஊதிட்டு, ரம்ஜான் மாசம் ஆரம்பிச்ச அன்னிக்கு விட்டேன். அங்க நோன்பு நேரத்துல பொது இடத்துல தம் அடிச்சா கேஸ் ஆயிடும், சரி இதையே சாக்கா வச்சுக்கலாம்னுதான். ஊருக்கு வந்தப்புறம் கூட டீக்கடைப் பக்கம் போனா டீ மட்டும்தான். அப்பறம் எப்படி பாசிட்டிவ்?

ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். "சார் நீங்க மூணு நாள் கேப் விட்டிருக்கணும், தண்ணி நெறைய குடிச்சிருக்கணும், சொல்ல மறந்துட்டேன்"ங்கறாரு. ரெண்டு மாசமா கேப்புல இருக்கறவன் கிட்ட மூணு நாள் கேப்பாம்.

மனசு கேக்காம, இன்சூரன்ஸ்காரங்க லேபுக்குப் போகாம தெரிஞ்சவங்க சொன்ன இன்னொரு லேபுக்குப் போனேன். அங்க ஒரு அம்மா, இருபது வருஷமா இதே வேலை போல, கேட்ட மொதக் கேள்வியே "சார், நிகோடின் கம் மெல்றீங்களா?" என் சட்டைப் பாக்கெட்ல அட்டை எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. சிகரெட் ஞாபகம் வராம இருக்க மெல்ற 2 மில்லிகிராம் கம், ஒரு நாளைக்கு அஞ்சாறு.

அந்த அம்மா சொல்லித்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. சிகரெட்டோ, பீடியோ, கம்மோ, பேட்ச்சோ, எது வழியா நிகோடின் உள்ள போனாலும் கல்லீரல் அதுல முக்கால்வாசியைக் கோட்டினினா மாத்திடும். நிகோடின் ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாதியா குறைஞ்சுடும், ஒரு நாள் ரெண்டு நாள்ல கிட்டத்தட்ட காணாமப் போயிடும், அதனால அதைத் தேடினா பிடிக்கறது கஷ்டம். கோட்டினின் அப்படி இல்ல, பாதியா குறையவே 16லேர்ந்து 20 மணி நேரம் ஆகும், அதனாலதான் லேப்ல அதைத் தேடறாங்க. புகைய வச்சோ நாத்தத்த வச்சோ இல்ல. கம்முக்கும் சிகரெட்டுக்கும் அந்த டெஸ்ட்டுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சே ஆகணும்னா அனபாசின்னு புகையிலைல மட்டும் இருக்கற வேற ஒரு சாமானைத் தேடணும், அந்த டெஸ்ட்டை சாதாரணமா யாரும் எழுதறதில்ல.

அந்த "மூணு நாள்" கதை எங்கேர்ந்து வந்துதுன்னு வீட்டுக்கு வந்து பேப்பர்ல கணக்குப் போட்டுப் பாத்தேன். தெனம் ஊதறவன் யூரின்ல ஒரு மில்லிக்கு 1600 நானோகிராம் கோட்டினின் இருக்குன்னு வச்சுக்குங்க. 16 மணி நேரத்துக்கு ஒருக்கா பாதி, அப்ப 800, 400, 200, ரெண்டு நாள்ல 200க்கு வந்துடும். அந்த லேப்ல யூரினைச் சொட்டு விட்டுப் பாக்கற கார்டோட எல்லை 200தான், அதுக்குக் கீழ போனா நெகட்டிவ். ஆக மூணாம் நாள் தப்பிச்சுடலாம், கணக்கு சரிதான். ஆனா எல்லைய இன்னும் கீழ வச்சிருக்கற லேப் இருக்கு, மெதுவா செரிக்கற கல்லீரல் இருக்கு, ரெண்டு பாக்கெட் ஊதறவன் இருக்கான், அவங்களுக்கெல்லாம் ஒரு வாரம், பத்து நாள், சில பேருக்கு அதுக்கும் மேல போகும். எச்சில்ல நாலு நாள் வரைக்கும் தெரியும். முடியை வெட்டிப் பாத்தா மூணு மாசக் கதையும் சொல்லிடுமாம், ஏன்னா முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளருது. தண்ணி குடிக்கற வித்தைக்கு அந்த அம்மா சிரிச்சுட்டாங்க. "கிரியாட்டினின் பாத்தா தண்ணி கலந்தது தெரிஞ்சுடும் சார், தெரிஞ்சா மறுபடி டப்பா குடுப்போம், அவ்ளோதான்."

இன்னொன்னும் சொன்னாங்க, இது நம்ம ஊருக்கே உள்ளது. சில பெரியவங்க சாமி சத்தியமா சிகரெட் தொட்டதே இல்லம்பாங்க, ரிசல்ட் பாசிட்டிவ் வரும், கேட்டா வெத்தலை சீவலோட புகையிலை. அது "வெத்தலை"லதானே சேரும், "புகை"ல சேராதே! எங்க பெரியப்பாவே அந்த ரகம்தான், வாயத் தொறந்தா கொழுந்து வெத்தலை வாசனை, கைல புகையிலைப் பொட்டலம், ஆனா தம் அடிக்கறவனைக் கண்டா திட்டுவாரு.

கம்மை நிறுத்திப் பாக்கலாம்னு முடிவு பண்ணினேன். மொத மூணு நாள் வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன், காதுகுத்து அன்னிக்கு ஆசாரி கிட்டயே சண்டைக்குப் போயிட்டேன். ஒம்பதாம் நாள் அதே லேபுக்குப் போய் சொந்தக் காசுல மறுபடி டெஸ்ட். அந்த அம்மா என் கண்ணு முன்னாடியே கார்டுல மூணு சொட்டு விட்டாங்க. ஒரு கோடு சட்டுனு வந்துது, ரெண்டாவது மங்கலா, அப்பறம் மெல்ல மெல்ல. இதுல எல்லாம் தலைகீழ், ரெண்டு கோடு வந்தா நெகட்டிவ், ஒத்தைக் கோடு நின்னுட்டா பாசிட்டிவ். அந்த அஞ்சு நிமிஷம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் கூட நான் அப்படி உக்காந்ததில்ல. ரெண்டு கோடு!

சந்தோஷமா ஏஜென்ட் கிட்ட போனேன், அங்கதான் அடுத்த கூத்து. ஃபார்மை இப்பதான் முழுசாப் படிக்கறேன், "கடந்த 12 மாதத்தில் புகையிலையோ நிகோடினோ எந்த வடிவத்திலாவது பயன்படுத்தினீர்களா"ன்னு கேட்டிருக்கு, எனக்காக அவரே "இல்லை"ன்னு டிக் அடிச்சு வச்சிருக்காரு. அதாவது யூரின்ல என்ன இருந்தா என்ன, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஊதினவன் கேள்விப்படி ஸ்மோக்கர்தான். "மூணு வருஷம் ஓடிட்டா கிளெய்ம்ல யாரும் எதுவும் கேக்க முடியாது சார்"னு காதுகிட்ட சொல்றாரு. அந்த மாதிரி சட்டம் இருக்கு, இல்லேங்கல. ஆனா அந்த மூணு வருஷத்துக்குள்ள எனக்கு ஏதாவது ஆனா என் பொண்டாட்டிதானே ஃபைலைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையணும், அதுக்கா இந்தக் காசக் கட்டறேன்? டிக்கை மாத்துங்கன்னேன். பிரீமியம் ஒன்றரை மடங்குக்கு மேல போச்சு. வயிறு எரிஞ்சுது, கட்டினேன்.

கம்மை மறுபடி ஆரம்பிச்சுட்டேன். டெஸ்ட்டுக்காக அதை விட்டுட்டு சிகரெட்டுக்குத் திரும்பறது முட்டாள்தனம், அந்த அம்மாவே கண்டிச்சாங்க.

லேப்லேர்ந்து வெளிய வந்த வேகத்துல அந்தக் கார்டைப் போட்டோ எடுத்து, ஒரு வார்த்தை கூட எழுதாம, தோஹால இருக்கற வீட்டம்மாவுக்கு வாட்ஸப்ல அனுப்பிட்டேன். ரெண்டு கோடு. பத்தே செகண்ட்ல கால் வந்துது, ஹலோ கூட இல்ல: "யாருக்கு?"