பலூன் நுழையாத அடைப்புக்கு ரோட்டாப்ரோ

கேரள–தமிழக எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து ஆட்களுக்கு இதயக் கோளாறு என்று வந்துவிட்டால் மேற்கே பாலக்காடு, திருச்சூர், கிழக்கே கோவை. எந்தப் பக்கம் போனாலும், ஆஞ்சியோ படத்தைப் பார்த்த டாக்டர் “கால்சியம் நிறைய இருக்கு, ரோட்டா போடணும்” என்று சொன்னதும் கூட வந்த மகனோ மருமகனோ கேட்பது ஒரே கேள்விதான்: “ஏனுங்க டாக்டர், இதயத்துக்குள்ள ட்ரில் போடறதுங்களா? குழாய் கிழிஞ்சு போயிராதுங்களா?”

கிட்டத்தட்ட ட்ரில்தான். கிழியவும் வாய்ப்புண்டு. ஆனாலும் சில அடைப்புகளுக்கு அதை விட்டால் வேறு நல்ல வழி கிடைப்பது கஷ்டம்.

ரோட்டா என்பது இதய ரத்தக்குழாயில் இறுகிய கால்சியத்தைச் சுழன்று தேய்த்து வழி திறக்கும் முறை. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அதற்கான கருவி, பாஸ்டன் சயன்டிஃபிக் நிறுவனத்தின் ரோட்டாப்ரோ. இதன் மூத்த வடிவமான ரோட்டாப்ளேட்டருக்கு அமெரிக்க மருந்து, கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி 1993-இல் கிடைத்தது; ரோட்டாப்ரோவுக்கு 2018-இல். வெட்டும் தத்துவம் துளியும் மாறவில்லை. முட்டை வடிவப் பித்தளைத் தலை, அதன்மேல் நிக்கல் பூச்சு, முன்பாதியில் மட்டும் வைரத்துகள். இதைத்தான் பர் என்கிறோம். மென்மையான குழாய்ச் சுவர் பர் தொட்டால் வளைந்து விலகிக்கொள்ளும். கல்லாய் இறுகிய கால்சியம் விலகாது, தேயும். தேய்ந்து வரும் தூள் பெரும்பாலும் 5 மைக்ரானுக்கும் குறைவு, அதாவது சிவப்பணுவைவிடச் சிறியது. அது நுண்குழாய்களைக் கடந்து போய் ஈரலிலும் மண்ணீரலிலும் சேர்ந்துவிடும். அவசரப்பட்டுப் பெரிய துணுக்காக உடைத்தால் இந்தக் கணக்கெல்லாம் தப்பிவிடும்.

புதிதாக வந்ததில் உருப்படியானது கால் பெடல் ஒழிந்ததுதான். பழைய கருவியில் ஈய அங்கியோடு இருட்டில் காலால் துழாவி மிதிக்க வேண்டும். பெடலின் குழாய் மேசைச் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். இப்போது பொத்தான், பர்ரை முன்னும் பின்னும் நகர்த்தும் அட்வான்சர் என்ற கைப்பிடியின் குமிழ்மேலேயே இருக்கிறது. பர்ரை நகர்த்தும் கையே சுழற்சியையும் தொடங்கும், நிறுத்தும். டைனாகிளைடு என்கிற மெதுவேக முறைக்கும் அங்கேயே பொத்தான். கன்சோல் திரையில் வேகமும் ஓடிய நேரமும் தெரியும். ஆனால் டாக்டரின் கண் எக்ஸ்ரே திரையில் இருக்கும், கன்சோலில் இருக்காது. ஆகவே டெக்னீஷியன் ஒருவர் வேகத்தை உரக்கப் படித்துக்கொண்டே இருப்பது இன்னமும் தேவை. சத்தம் கேட்டே சொல்லிவிடலாம் என்பவர்களும் உண்டு. சுதி இறங்கினால் பர் சிரமப்படுகிறது என்பது உண்மைதான், ஆனால் எண்ணைப் படிப்பதே பத்திரம்.

பர்ரை ஓட்டும் டர்பைனைச் சுழற்றுவது மின்சாரம் அல்ல, அழுத்தப்பட்ட நைட்ரஜன். ரெகுலேட்டரில் 90 முதல் 110 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். சிறிய ஊர் கேத் லேப்களில் (ஆஞ்சியோ செய்யும் அறைகளில்) ரோட்டா எப்போதாவதுதான் நடக்கும். போன தடவை பாதியில் நிறுத்திய சிலிண்டர் அப்படியே மூலையில் நிற்கும். பர் அடைப்புக்குள் இருக்கும்போது வாயு தீர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. நோயாளி மேசையில் ஏறும் முன்பே மீட்டரைப் பார்த்து, மாற்றுச் சிலிண்டரையும் உருட்டிக்கொண்டு வந்து வைப்பதுதான் முறை.

பர் ஏறி ஓடும் வயர் தனி ரகம்: தண்டு 0.009 அங்குலம், நுனி 0.014. நீளம் மூன்று மீட்டருக்கும் மேல், அதனால் மேசையில் சுருட்டிப் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பொதுவாக வழக்கமான வயரால் அடைப்பைக் கடந்து, மைக்ரோ கத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக ரோட்டா வயருக்கு மாற்றுவார்கள். வயரின் தடித்த நுனிவரை பர்ரைச் சுழலவிட்டால் வயர் அறுந்து உள்ளேயே தங்கிவிடலாம்.

உள்ளே விடும் முன் வெளியிலேயே நான்கு சோதனை: சலைன் பர் நுனியில் சொட்டுகிறதா, சுழற்சி குறித்த வேகத்துக்கு வருகிறதா, அட்வான்சர் குமிழ் தடையில்லாமல் ஓடுகிறதா, சுழலும்போது பிரேக் வயரைப் பிடித்து நிறுத்துகிறதா. சலைனில் ஹெப்பாரின், வெரபாமில், நைட்ரோகிளிசரின் கலப்பார்கள். அளவு ஒவ்வொரு லேபிலும் கொஞ்சம் மாறும். ரோட்டாகிளைடு என்ற வழுக்கு திரவம் சேர்ப்பதாக இருந்தால், அதில் முட்டை மஞ்சள் கருவின் பாஸ்போலிப்பிடும் ஆலிவ் எண்ணெயும் இருக்கின்றன. முட்டை ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு நோயாளியின் ஃபைலில் எழுதிவைக்க வேண்டும். நோயாளியாகச் சொல்லமாட்டார், அவருக்கு இது தொடர்புள்ள விஷயமாகவே தோன்றாது.

பர் 1.25 மி.மீ. தொடங்கி 2.5 வரை கிடைக்கும். குழாயின் அகலத்தில் பாதி அல்லது அதற்குச் சற்று மேல் போதும், 3 மி.மீ. குழாய்க்கு 1.5. முன்பெல்லாம் கால்சியத்தை முழுக்கச் செதுக்கி எடுக்க வேண்டும் என்று பெரிய பர் போட்டார்கள். இப்போது நோக்கம் அதுவல்ல. வளையமாகச் சூழ்ந்த கால்சியத்தில் ஒரு பள்ளம் விழுந்தால் போதும், மிச்சத்தைப் பலூன் உடைத்துக்கொள்ளும். 1.5 வரை மணிக்கட்டு வழி 6 பிரெஞ்சு (குழாயின் பருமன் அளவு) கைடிலேயே, அதாவது கருவிகளை இதயம்வரை கொண்டுபோகும் குழாயிலேயே, முடித்துவிடலாம், 1.75 என்றால் 7 பிரெஞ்சைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

வேகம் நிமிடத்துக்கு 1,40,000 முதல் 1,80,000 சுற்று. அடைப்புக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால் பர்ரை நிறுத்தி, குமிழை முன்னும் பின்னும் அசைத்து, பர்ரைச் சுழற்றும் தண்டில் தேங்கிய இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். இறுக்கத்தோடு அழுத்தினால் பர் துள்ளி முன்னே பாயும். பிறகு மரங்கொத்தி கொத்துவதுபோல் தொட்டுத் தொட்டு விலக வேண்டும். ஒரு ஓட்டம் 15, 20 விநாடி. 30-ஐத் தாண்டவே கூடாது. வேகம் 5,000 சுற்றுக்கு மேல் சரிந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்: சூடு ஏறும், துகள் பெரிதாகும், தசைக்கு ரத்தம் போவது தடைபடும். ஓட்டங்களுக்கு நடுவே ரத்த அழுத்தமும் ஈ.சி.ஜி.யும் பழைய நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். வலது கரோனரியில் (இதயத்தின் வலப்பக்க ரத்தக்குழாயில்) செய்யும்போது இதயத்துடிப்பு சட்டென்று விழுந்துவிடுவது சகஜம். துடிப்பைக் கூட்டும் அட்ரோப்பின் சிரிஞ்சு கைக்கெட்டும் தூரத்திலும் தற்காலிக பேஸ்மேக்கர் வயர் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

இந்தக் கருவியின் மோசமான குணம் பர் சிக்கிக்கொள்வது. வேகத்தில் உராய்வு குறைவதால், போதுமான அளவு தேய்க்காமலேயே பர் குறுகலைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். திரும்ப வரப் பார்த்தால், பின்பாதியில் வைரம் இல்லை, வெட்டாது. அப்போது பலங்கொண்டு இழுப்பது ஆபத்து: தண்டு அறுந்துபோகலாம், குழாய் கிழியலாம், கைடு உள்ளே இழுபட்டு மெயின் தமனி வாயையே காயப்படுத்தலாம். பக்கத்திலேயே இன்னொரு வயரை நுழைத்துச் சிறு பலூனை ஊதித் தளர்த்துவது ஒரு வழி. அட்வான்சர் ஓரமாகத் தண்டையும் உறையையும் வெட்டி, கைடை நீட்டிக்கும் கைடு எக்ஸ்டென்ஷன் குழாயைப் பர் அருகே கொண்டுபோய் இழுப்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் மசியாவிட்டால் அறுவை சிகிச்சைதான். இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் கசிந்தால் எடுக்கும் செட்டும், கசிவை மூடும் கவர்டு ஸ்டென்ட்டும் அலமாரியில் இல்லாத இடத்தில் ரோட்டா செய்யச் சம்மதிக்க வேண்டியதில்லை.

புதிய ரத்தக்கட்டி தெரிகிற இடம், உட்சுவர் ஏற்கெனவே கிழிந்த இடம், பைபாஸில் காலிலிருந்து எடுத்துப் போட்ட சிரை (வெயின்) கிராஃப்ட் ஆகியவை ரோட்டாவுக்கு ஆகாது.

மாற்று என்று சொன்னால் முக்கியமாக இரண்டு. டயமண்ட்பேக் 360, இப்போது அபாட் கையில், சுற்றுப்பாதையில் ஆடித் தேய்க்கும். பின்னிழுக்கும்போதும் வெட்டும் என்பது அதன் வசதி. ஆனால் 2,005 நோயாளிகளில் நடந்த எக்லிப்ஸ் ஆய்வில், கடுமையான கால்சியத்துக்கு எல்லோருக்கும் வழக்கமாக அதைப் போட்டதால் சாதாரண பலூன் முறையைவிட ஓராண்டு முடிவில் நன்மை தெரியவில்லை. ஷாக்வேவ் பலூன் தேய்ப்பதில்லை, ஒலி அதிர்வால் ஆழத்திலுள்ள கால்சியத்திலும் விரிசல் விடும்; கற்றுக்கொள்ள எளிது, பெரிய குழாயில் தடித்த கால்சியத்துக்கு அதுவே முதல் தேர்வாக இருக்கலாம். குறை ஒன்றுதான்: பலூன் உள்ளே போனால்தானே அதிர்வு! வயர் மட்டும் நுழைந்து வேறெதுவும் நுழையாத அடைப்பில் ரோட்டாவுக்குப் போட்டி குறைவு. ரோட்டாவால் வழி திறந்து, பிறகு ஷாக்வேவ் போடுவதும் உண்டு, பில் இரட்டிப்பாகும்.

ஆஞ்சியோ படத்தை மட்டும் வைத்து ரோட்டா வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்வது அரைகுறை வேலை. குழாய்க்குள்ளிருந்து ஒளியால் படமெடுக்கும் ஓ.சி.டி. போட்டுப் பார்த்தால், கால்சியம் 180 டிகிரிக்கு மேல் சூழ்ந்து, 0.5 மி.மீ.க்கு மேல் தடித்து, 5 மி.மீ.க்கு மேல் நீண்டிருந்தால் ஸ்டென்ட் சரியாக விரியாது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ரோட்டாவுக்குப் பின் குழாய் அகலத்துக்குச் சமமான என்.சி. பலூன் (அதிக அழுத்தத்திலும் அளவு மீறி உப்பாத பலூன்) முழுக்க விரிய வேண்டும். பலூனின் நடுப்பகுதி இடுப்புபோல் சிறுத்தே நின்றால் ஸ்டென்ட் போடக் கூடாது. விரியாத ஸ்டென்ட்டைப் பிறகு சரிசெய்வது, அடைப்பைத் திறப்பதைவிடப் பெரிய தலைவலி.

காசு விஷயம். ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவிலை வைத்தது. பர்ருக்கு அந்த உச்சவிலை பொருந்தாது. பர் ஒருமுறை உபயோகத்துக்கு மட்டும், அளவு மாற்றினால் இன்னொன்று பிரிக்க வேண்டும். கேரளத்தில் காருண்யா திட்டமோ, தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ வைத்திருப்பவர்கள், ஆஞ்சியோபிளாஸ்டி பேக்கேஜில் ரோட்டா அடங்குமா, எல்லைக்கு அந்தப் பக்கத்து அட்டை இங்கே செல்லுமா என்பதை இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஸ்டென்ட் ஸ்டிக்கரோடு பர் ஸ்டிக்கரும் ஃபைலில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.