65 அங்குலம் 60 ஹெர்ட்ஸா, 55 அங்குலம் 120 ஹெர்ட்ஸா? பிஎஸ்5-க்கு டிவியும் கேபிளும்

செங்கோட்டைக்காரர்களுக்குப் பெரிய பொருள் எது வாங்கினாலும் இரண்டு கடைத்தெருக்கள் உண்டு. கிழக்கே தென்காசி, மேற்கே புளியரை தாண்டி மலை ஏறி இறங்கினால் புனலூர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது. பல வீடுகளுக்கு அந்தப் பக்கமும் சொந்தபந்தம் இருக்கிறது. இங்கே ஆடித் தள்ளுபடி பார்ப்போம், அங்கே ஓணம் தள்ளுபடி பார்ப்போம்.

அக்கா மகன் பிஎஸ்5 விளையாட்டுக் கன்சோலை வாங்கிவிட்டு டிவிக்காக என்னிடம் வந்தபோது அவன் கையில் இரண்டு விலைச்சீட்டுகள் இருந்தன. தென்காசிக் கடையில் 65 அங்குலம், 4கே, 60 ஹெர்ட்ஸ். புனலூர்க் கடையில் 55 அங்குலம், 4கே, 120 ஹெர்ட்ஸ். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். "மாமா, அதே காசுக்குப் பத்து அங்குலம் கூடக் கிடைக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றான். யோசிக்க நிறையவே இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வரிக் கணக்கை முடித்துவிடலாம். 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை கேரளத்தில் வெள்ள நிவாரணத்துக்கென்று 1 சதவீதம் கூடுதலாக வசூலித்தார்கள். அந்த நினைப்பில் இன்றும் சிலர் மலை தாண்டத் தயங்குகிறார்கள். அது எப்போதோ முடிந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இரண்டு பக்கமும் ஒரே வரி. ஆகவே பொருளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டேப்பை எடுத்து அக்கா வீட்டு முன்னறையை அளந்தோம். சோபாவிலிருந்து சுவருக்கு எட்டடி. நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைக்கும் பிரித்துப் பார்க்கும். அந்தக் கணக்குப்படி 55 அங்குலத் திரையில் 1080பி படத்தின் புள்ளிகள் சுமார் ஏழடிக்கு அப்பால் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. 65 அங்குலத்தில் அந்தத் தூரம் எட்டரை அடிக்குச் சற்றுக் குறைவு. 4கே-யில் புள்ளிகள் இன்னும் நெருக்கம், ஆனால் இந்தத் தூரத்துக்குள் உட்கார்ந்தால்தான் அந்த வேறுபாடு கண்ணுக்குப் படும். ஆகவே எட்டடியில் உட்கார்ந்தால் 4கே-யின் நுணுக்கம் 65-ல் கொஞ்சம் தெரியும், 55-ல் அநேகமாகத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் தென்காசி டிவி முன்னால் நிற்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் பகல் முழுதும் ஓடுவது கேபிள் டிவி. சாதாரண சேனலின் 576 வரிகளை 2160 வரிகளுக்கு இழுத்து விரிக்கும்போது, திரை பெரிதாகப் பெரிதாக முகங்கள் மெழுகு பூசியதுபோல் தெரியும். பெரிய டிவி வாங்கிய பல வீடுகளில் "பழைய டிவியில் சீரியல் நன்றாக இருந்தது" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யல்ல.

இனி ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கிறது. 120 ஹெர்ட்ஸ் 8.3 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. "நொடிக்கு 120 சட்டம் (ஃபிரேம்) ஓடும் விளையாட்டுகள் எத்தனை இருக்கின்றன மாமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. குறைவுதான். ஆனால் 120 ஹெர்ட்ஸ் திரையின் பயன் அங்கே முடிந்துவிடுவதில்லை. பிஎஸ்5 விளையாட்டுகளில் பெரும்பாலும் இரண்டு வழி கொடுப்பார்கள்: படம் அழகாக வேண்டுமென்றால் 30 சட்டம், ஓட்டம் வேண்டுமென்றால் 60 சட்டம். சில விளையாட்டுகளில் மூன்றாவதாக 40 என்று ஒன்று இருக்கும். 60-ஐ 40 சரியாக வகுக்காது, 120-ஐ வகுக்கும். அதனால் 120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தால்தான் அந்த வழி திறக்கும். 40 சட்டத்தில் ஒவ்வொரு படத்துக்கும் 25 மில்லிவிநாடி. 30-க்கு 33.3, 60-க்கு 16.7 என்றால் 25 சரியாக நட்டநடுவில் வருகிறது. முழு அழகோடு, கைக்கு இணக்கமான ஓட்டமும் கிடைக்கிறது. ஒருமுறை விளையாடிவிட்டு 30-க்குத் திரும்பினால் மாட்டு வண்டியில் ஏறியதுபோல் இருக்கும்.

அடுத்தது விஆர்ஆர். காட்சி கனமாகும்போது விளையாட்டு 60-லிருந்து 52-க்கோ 50-க்கோ சரியும். திரை அசையாமல் 60-லேயே நின்றால் படம் திக்கும் அல்லது நடுவில் கிழியும். விஆர்ஆர் உள்ள டிவி தன் வேகத்தை விளையாட்டின் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளும். பிஎஸ்5-ல் 2022 ஏப்ரலில் வந்த வசதி இது. 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது. தென்காசியில் பார்த்த 65 அங்குலத்தில் விஆர்ஆர் கிடையாது. என் மனத்தில் முடிவு இங்கேயே விழுந்துவிட்டது.

ஆனால் அட்டைப்பெட்டியில் 120 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. 60 ஹெர்ட்ஸ் திரையில் இடையிடையே கற்பனைப் படங்களைச் செருகிவிட்டு "மோஷன் 120" என்று எழுதுகிறார்கள். மலிவான சில டிவிகளில் இன்னொரு வழி: 60 ஹெர்ட்ஸ் திரையை 120-ல் ஓட்டும்போது செங்குத்துத் துல்லியம் பாதியாகிவிடும். 120 உண்மைதான், 4கே போய்விடும். கன்சோலையும் டிவியையும் கேபிளால் இணைக்கும் போர்ட்டில் எச்டிஎம்ஐ 2.1 என்ற எழுத்தும் போதாது. 2021 இறுதியிலேயே, 2.1-ன் வசதிகள் எல்லாம் இல்லாத கருவியையும் 2.1 என்று அழைக்கலாம் என்பது தெளிவாகிவிட்டது. எந்த எண்ணையும் நம்பாமல் "4கே 120 உண்டா, விஆர்ஆர் உண்டா" என்று வசதியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நாங்கள் வாயால் கேட்பதோடு நிற்கவில்லை. பிஎஸ்5-ஐப் பையில் வைத்துக்கொண்டு புனலூருக்குப் போனோம். கடையில் இருந்த சேட்டன் முதலில் விழித்தார், பிறகு அவரே பிளக் பாயிண்ட் தேடிக் கொடுத்தார். அமைப்புகளில் திரையும் வீடியோவும் என்ற பகுதிக்குள் வீடியோ வெளியீட்டுத் தகவல் என்று ஒரு பக்கம் இருக்கிறது. டிவி எதை ஏற்றுக்கொள்ளும் என்பதை பிஎஸ்5 டிவியிடமே கேட்டு அங்கே எழுதிக் காட்டும். 3840 × 2160 என்ற வரியில் 60 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் 120 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் இல்லை. மருமகன் முகம் வாடிவிட்டது. டிவியின் முதுகைத் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: நான்கு போர்ட்களில் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் பக்கத்தில் மட்டுமே 4கே 120 என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நாங்கள் செருகியது முதல் போர்ட். நான்காவதுக்கு மாற்றி, டிவியின் அமைப்பில் அந்தப் போர்ட்டை மேம்பட்ட வடிவத்துக்கு மாற்றியதும் 120 வந்தது. இந்த அமைப்புக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் டீப் கலர், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட். இதைத் திறக்காமலே வருடக்கணக்கில் விளையாடிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

அங்கேயே இன்னொரு சோதனையும் செய்தோம். கைபேசியில் 240 சட்ட மெதுவோட்டப் பதிவு இருந்தால் போதும். கட்டைவிரலும் திரையும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி வைத்து, கிரிக்கெட் விளையாட்டில் மட்டை வீசும் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு, விரல் இறங்கிய கணத்திலிருந்து திரையில் மட்டை அசையும் வரை சட்டங்களை எண்ண வேண்டும். ஒரு சட்டம் சுமார் 4.2 மில்லிவிநாடி. மெருகைக் குறைத்துப் படத்தைச் சீக்கிரம் காட்டும் கேம் மோட் என்ற டிவி அமைப்பு அணைந்திருந்தபோது ஐம்பதுக்கு மேல் எண்ணினோம். போட்டபோது முப்பதுக்குள் வந்துவிட்டது. அதில் ஒரு பகுதி விளையாட்டின் சொந்தத் தாமதம், அதை மாற்ற முடியாது. மிச்சம் டிவி படத்துக்கு மெருகு போட எடுத்துக்கொண்ட நேரம். பந்து மட்டையைத் தாண்டிய பிறகு மட்டை சுழல்கிறது என்றால் ஆட்டக்காரரைக் குறை சொல்லாதீர்கள், கேம் மோடைப் பாருங்கள். ஏஎல்எல்எம் என்ற வசதி உள்ள டிவிகளில் விளையாட்டு தொடங்கியதும் கேம் மோட் தானாக விழுந்துகொள்ளும்.

திரையின் வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விஏ திரையில் கருப்பு ஆழமாக இருக்கும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெளிறும். ஐபிஎஸ் அதற்கு நேர்மாறு. ஜன்னலோரக் கட்டிலிலிருந்து பாட்டி பார்க்கும் வீடென்றால் கடையிலேயே பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள். ஓஎல்இடி-யின் கருப்புக்கும் வேகத்துக்கும் ஈடு இல்லை. ஆனால் செய்திச் சேனலின் ஓடும் பட்டை பகலெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும் வீட்டில் திரையில் தழும்பு விழும் வாய்ப்பு உண்டு. தனியறையில் விளையாட்டுக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

பிஎஸ்4-ஓடு இருப்பவர்களுக்கு மேலே சொன்ன 120 கணக்கு எதுவும் பொருந்தாது. அது 60-க்கு மேல் அனுப்பாது. 2016-ல் வந்த பிஎஸ்4 புரோ கூட 4கே-யில் 60 வரைதான். அவர்கள் 43 அங்குல 60 ஹெர்ட்ஸ் டிவி வாங்கி மிச்சக் காசுக்கு விளையாட்டுகள் வாங்கலாம். "எச்டி ரெடி" என்று விற்கும் 32 அங்குலத்தை மட்டும் தவிருங்கள். அதன் திரை பெரும்பாலும் 1366 × 768. கன்சோல் அனுப்பும் 720பி-யும் 1080பி-யும் அதில் அப்படியே உட்காராது. எழுத்தின் ஓரமெல்லாம் கசங்கும்.

இப்போது கேபிள். டிவி பேரத்தில் மனம் இளகியிருக்கும் நேரம் பார்த்து, கடையில் தங்க முலாம் பூசிய, பாம்பு போல் பின்னல் போட்ட கேபிள் ஒன்றை நீட்டுவார்கள். "இதைப் போட்டால் கலர் நன்றாக இருக்கும் அண்ணாச்சி" என்று தென்காசியில் எங்களிடமும் சொன்னார்கள். நன்றாக இருக்காது. எச்டிஎம்ஐ-யில் போவது இலக்கங்கள். அவை சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும். சேராவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் மின்னும் அல்லது திரை இரண்டு நொடி இருண்டு திரும்பும். கலர் கூடுவதும் குறைவதும் கேபிளால் நடப்பதில்லை. சாரல் காலத்துக் காற்றில் தங்க முலாம் களிம்பு ஏறாமல் இருக்கும், அதன் பயன் அவ்வளவுதான்.

கேபிளில் பார்க்க வேண்டியது சுமக்கும் திறன். ஹை ஸ்பீட் என்பது நொடிக்கு 10.2 கிகாபிட், பிரீமியம் ஹை ஸ்பீட் 18, அல்ட்ரா ஹை ஸ்பீட் 48. 4கே 60-க்கு 18 போதும். பிஎஸ்5 அதிகபட்சம் 32 வரை அனுப்புகிறது, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 40 வரை. இரண்டுக்கும் அல்ட்ரா ஹை ஸ்பீட்தான் வேண்டும். உறையில் "8கே" என்று பெரிதாக எழுதியிருப்பது சான்றிதழ் ஆகாது. கைபேசியால் வருடிச் சரிபார்க்கும் சான்று வில்லை ஒட்டியிருக்க வேண்டும். இதையெல்லாம் விட முக்கியமானது, பிஎஸ்5 பெட்டிக்குள்ளேயே அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிள் ஒன்று இருக்கிறது என்பது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவையில்லை.

தூரம் கூடினால் கதை மாறும். என் வீட்டில் சுவருக்குள் குழாய் பதித்து ஐந்து மீட்டர் கேபிள் ஒன்றை இழுத்துவிட்டேன். 4கே 60-ல் எந்தக் குறையும் இல்லை. 120-க்கு மாற்றியதும் சில நிமிடத்துக்கு ஒருமுறை திரை இருண்டது. டிவி பழுது என்றே நினைத்து இரண்டு வாரம் தவித்தேன். பெட்டியில் வந்த குட்டைக் கேபிளை வெளியே தொங்கவிட்டுச் செருகியதும் தீர்ந்தது. செம்புக் கேபிளென்றால் மூன்று மீட்டருக்குள் நிற்பது நல்லது. அதற்கு மேல் கண்ணாடி இழைக் கேபிள் வாங்க வேண்டும். அதற்குத் திசை உண்டு: ஒரு முனையில் சோர்ஸ், மறு முனையில் டிஸ்ப்ளே என்று எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் படமே வராது. சுவருக்குள் தள்ளுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கன்சோலைப் பரணில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஎஸ்3-ல் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தும் பெட்டியில் வந்தது மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கேபிள்தான். அதையே செருகிவிட்டுப் படம் மங்கல் என்று ஒதுக்கிவைத்தவர்கள் ஒரு எச்டிஎம்ஐ கேபிளைப் போட்டுப் பாருங்கள். பிஎஸ்2-வுக்குப் பச்சை, நீலம், சிவப்பு கொண்ட காம்பொனன்ட் கேபிள் மஞ்சளை விடத் தெளிவு. புது டிவியில் அந்தப் போர்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் மலையோரத்துக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஐப்பசி இடிமழையில் மின் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருந்த வீட்டில், கேபிள் டிவி ஒயர் வழியாக வந்த மின்னல் செட்-டாப் பெட்டியைத் தாண்டி எச்டிஎம்ஐ போர்ட்டைக் கருக்கிய கதை எங்கள் தெருவிலேயே நடந்தது. இடி கேட்கும் முன்பே அந்த ஒயரையும் கழற்றுங்கள். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போதும் கழற்றும்போதும் இரண்டு பக்கமும் மின்சாரத்தை அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

55 அங்குலத்தையே வாங்கினோம். தம்பியின் வேனில் பெட்டியை நிமிர்த்தி வைத்துக் கயிறு போட்டு, ஆரியங்காவு வளைவுகளில் நான் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம். படுக்க வைத்தால் குலுங்கும் பாதையில் திரை விரிசல் விடும். பிஎஸ்5 நான்காவது போர்ட்டில், பெட்டியில் வந்த கேபிளோடு. செட்-டாப் பெட்டி முதல் போர்ட்டில். இந்த டிவியில் சவுண்ட்பாருக்கு ஒலியை அனுப்பும் இ-ஆர்க் வசதி மூன்றாவது போர்ட்டில் மட்டும்தான். அதாவது 4கே 120 உள்ள இரண்டில் ஒன்றை அது எடுத்துக்கொள்ளும். சவுண்ட்பார் தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று அக்கா சொல்லியிருப்பதால், அதைக் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.