மூவர் வீடு தேடி வரும் சேவை: 'கேப்பபிள்' திட்டம் குறித்த மதிப்பீடு

முதியோர் பிறர் கையை எதிர்பார்க்காமல் தம் சொந்த வீட்டிலேயே வாழ உதவுவதாகச் சொல்லும் சேவைகள் பல உண்டு. முறையான ஆய்வுக்குத் தம்மை உட்படுத்தி, கிடைத்த முடிவை அப்படியே வெளியிட்டவை சில மட்டுமே. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரியைச் சேர்ந்த சாரா சான்டனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'கேப்பபிள்' அந்தச் சிலவற்றுள் ஒன்று. இதுவரை வெளியான ஆய்வு முடிவுகளைக் கொண்டு, ஒரு சேவையாக அதன் தரத்தை இங்கே மதிப்பிடுகிறேன்.

இதில் மூன்று பேர் வீட்டுக்கு வருகிறார்கள். அன்றாடச் செயல்களைத் தாமே செய்யப் பழக்கும், ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் அதிகபட்சம் 6 முறையும், செவிலியர் அதிகபட்சம் 4 முறையும் வருகிறார்கள். வீட்டைப் பழுதுபார்ப்பவர் சிகிச்சையாளர் எழுதிக் கொடுத்த பட்டியலின்படி வேலை செய்து தருகிறார். எல்லாம் நான்கைந்து மாதங்களில் முடிந்துவிடுகிறது. 65 வயதைக் கடந்து, குளிப்பது, உடுத்துவது, படுக்கையிலிருந்து எழுவது போன்ற அன்றாடச் செயல்களில் ஒன்றிலேனும் சிரமப்படுகிற, ஆனால் நினைவாற்றல் பெரிதும் குன்றாத, வருமானம் குறைந்த முதியோரை மனத்தில் வைத்தே இது வடிவமைக்கப்பட்டது.

என் பார்வையில் இச்சேவையின் உயிர்நாடி, முதல் சந்திப்பில் கேட்கப்படும் கேள்வியில் இருக்கிறது. உடலில் என்ன நோய் என்று தொடங்காமல், எதை மறுபடியும் தாமாகவே செய்ய விரும்புகிறீர்கள் என்று சிகிச்சையாளர் கேட்கிறார். இலக்குகளை முதியவரே தேர்ந்தெடுக்கிறார். குளியலறைக்குத் தனியாகப் போய்வர வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவர் அதைச் செய்யும்போது சிகிச்சையாளர் உடனிருந்து கவனிக்கிறார். குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்கும் கணத்தில் கை எதைப் பற்றுகிறது, துண்டு மாட்டும் கம்பியையா, வழுக்கும் சுவரையா, தரை ஈரமாக இருக்கிறதா, வெளிச்சம் போதுமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். கைப்பிடிக் கம்பியை எந்த உயரத்தில் பொருத்துவது, குளியல் இருக்கை தேவையா, எந்த வரிசையில் அசைந்தால் முழங்காலுக்கு வலி குறையும் என்பவை இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவுகள். அதே இலக்கைச் செவிலியர் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறார்: வலி, மனச்சோர்வு, கால்களின் பலம், தலைச்சுற்றலை உண்டாக்கும் மருந்துகள் ஆகியவை அவருடைய பொறுப்பு. எவ்வளவு நல்ல கம்பியைப் பொருத்தினாலும், மாத்திரையால் தலை சுற்றுகிறவர் விழத்தான் செய்வார். ஆகவே ஒருவரை மட்டும் அனுப்பும் சேவைகளைவிட இது மேலானது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

பழுதுபார்ப்புக்கு ஒரு வீட்டுக்குச் சுமார் 1,300 டாலர் வரை ஒதுக்கப்பட்டது. படிக்கட்டின் இருபுறமும் கைப்பிடி, உயர்த்திய கழிப்பறை இருக்கை, ஓட்டை விழுந்த தரை, எட்டாத விளக்கு போன்றவற்றுக்கு இது போதும். கூரையோ அடித்தளமோ பழுதான வீட்டுக்குப் போதாது.

பலன்களைப் பார்ப்போம். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு அமைப்பு நிதியளித்த முதல் பெரிய செயல்விளக்கத்தில் 281 பேர் பங்கேற்றனர். 8 அன்றாடச் செயல்களில் தொடக்கத்தில் சராசரியாக 3.9 செயல்களில் சிரமப்பட்டவர்களுக்கு, முடிவில் அது 2.0 ஆகக் குறைந்தது; நான்கில் மூன்று பேர் முன்னேறினர். எனினும் அதில் ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லை. அந்தக் குறையை 2019இல் வெளியான, 300 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்த ஆய்வு தீர்த்தது. மறு குழுவினருக்கும் அதே அளவு வீட்டுச் சந்திப்புகள் இருந்தன, ஆனால் அவை அவர்கள் விரும்பும் பொழுதுபோக்குகளைச் சேர்ந்து செய்வதற்கானவை. ஐந்தாம் மாதத்தில் கேப்பபிள் குழுவின் இயலாமை மதிப்பெண் (அன்றாடச் செயல்களில் உள்ள சிரமத்தின் அளவு) மறு குழுவினருடையதைவிட 30 சதவீதம் குறைவாக இருந்தது. இந்தச் சேவையால் தங்கள் வாழ்க்கை முன்பைவிட எளிதாகியது என்று கேப்பபிள் குழுவில் ஐந்தில் நான்கு பேர் கூறினர். மறு குழுவில் அப்படிச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. பேச்சுத்துணை மட்டும் கிடைத்தாலே முதியோர் தேறிவிடுவார்கள் என்ற எண்ணத்துக்கு இது தெளிவான பதில். லாஸ் ஏஞ்சலிஸில் ஃபுளோரன்ஸ் கிளார்க் தலைமையில் 361 முதியோரிடம் நடந்து 1997இல் வெளியான ஆய்விலும், தொழில்வழிச் சிகிச்சை பெற்றவர்களே பயனடைந்தனர். கூடிப் பொழுதுபோக்கிய குழுவுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்து இச்சேவையைப் பரிந்துரைப்பது முறையாகாது. 2019 ஆய்வில், 12ஆம் மாதத்தில் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியாக நிற்கவில்லை. சமையல், கடைக்குச் செல்வது போன்ற சற்றுச் சிக்கலான செயல்களில் ஐந்தாம் மாதத்திலேயே உறுதியான பலன் தெரியவில்லை. ஒருவருக்கு ஆகும் செலவு சுமார் 3,000 டாலர், அதனால் மருத்துவச் செலவில் இரண்டு ஆண்டுகளில் 20,000 டாலருக்கும் மேல் மிச்சமாகிறது என்று விளம்பரங்களில் சொல்லப்படும் கணக்கு, குலுக்கல் முறை ஆய்விலிருந்து வந்ததன்று. ஒத்த நிலையில் உள்ள வேறு முதியோருடன் ஒப்பிட்டுப் பெறப்பட்டது. அதை நான் நம்பிக்கை தரும் குறிப்பாக எடுத்துக்கொள்கிறேன், உறுதியான ஆதாரமாக அல்ல. மேலும், ஆய்வில் பங்கேற்றோரில் பெரும்பாலோர் ஒரே நகரத்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் என்பதால், மற்றவர்களுக்கும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று இதைக்கொண்டு மட்டும் சொல்ல இயலாது.

யாருக்கு இது ஏற்றது? ஏற்கெனவே சிரமம் தொடங்கிவிட்டவர்களுக்கு. வீட்டிலுள்ள ஆபத்துகளை நீக்குவது பற்றி 2023இல் வெளியான காக்ரேன் மீளாய்வும் (பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து மதிப்பிடும் அறிக்கை) இதே திசையைக் காட்டுகிறது: விழும் அபாயம் அதிகமுள்ளவர்களிடம் விழுவது 38 சதவீதம் குறைந்தது; அபாயம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படாதவர்களிடம் குறையவில்லை. நல்ல நடமாட்டத்துடன் இருக்கும் பெற்றோருக்கு முன்னெச்சரிக்கையாக இதை நாடுவதில் பெரிய பயன் இராது. நினைவு மறதி முற்றியவர்களுக்கு இது உரியதன்று.

இதே பெயரிலோ இதைப் போன்ற பெயரிலோ சேவை வழங்குவோரை அணுகுவோர், மூவரும் உண்மையில் வருவார்களா, பழுதுபார்ப்புத் தொகை கட்டணத்தில் அடங்குமா, இலக்கை யார் தீர்மானிப்பார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்குள் பலன் தேய்வதைக் கருதினால், ஆறாம் மாதத்துக்குப் பின் சிகிச்சையாளர் ஒருமுறையேனும் திரும்பி வரும் ஏற்பாடு உண்டா என்பதையும் அந்தக் கேள்விகளோடு சேர்த்துக் கேட்கலாம்.