ஆரக்கிள் டேட்டாபேஸை மீட்க மூன்று வழிகள்: எது யாருக்கு?

பெங்களூரில் வைட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை பார்க்கும் நம்மூர் டிபிஏக்களிடம் (டேட்டாபேஸைப் பராமரிப்பவர்களிடம்) பேக்கப் என்றாலே, ராத்திரி எத்தனை மணிக்கு முடிகிறது என்றுதான் பேச்சு போகும். நான் முதலில் கேட்பது வேறு. டேட்டாபேஸ் விழுந்தால் ரீஸ்டோரை யார் தொடங்க முடியும்? எந்த நிமிடம் வரை மீட்க முடியும்?

முதல் வழி, டேட்டாபேஸ் ஓடும் விஎம் (விர்ச்சுவல் மெஷின்) முழுவதையும் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் நகல், எடுப்பது. இருப்பதில் எளிது இதுதான். பேக்கப் ஸ்டோரேஜிலிருந்தே விஎம்மை நேராகக் கிளப்பிவிடலாம். ஆனால் ஸ்னாப்ஷாட் இரவு 2 மணிக்கு எடுத்ததாக இருந்து, மாலை 4 மணிக்கு ஒரு டேபிள் அழிந்தால்? ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் ஆர்கைவ் லாக்கைத் தனியாகச் சேமிக்காவிட்டால் 14 மணி நேர வேலை போய்விடும். ரீஸ்டோர் பொத்தானும் பெரும்பாலும் பேக்கப் டீம் கையில்தான் இருக்கும். வெள்ளி இரவு அந்த டீம்காரர் மடிவாளாவில் ஊருக்கு பஸ் ஏறிவிட்டால், டிபிஏ போனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, ஆர்மேனுடன் (ஆரக்கிளின் சொந்த பேக்கப் கருவி, RMAN) பேக்கப் சாஃப்ட்வேரின் பிளக்இன். நெட்பேக்கப், காம்வால்ட், வீம் மூன்றிலும் இது உண்டு. கட்டளை கொடுப்பது டிபிஏ. எந்த பீஸ் (பேக்கப் ஃபைல்) வேண்டும் என்று ஆர்மேன் கேட்கும், சாஃப்ட்வேர் அதை ஸ்டோரேஜிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதன்மேல் இன்கிரிமென்டலும் (முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியவை மட்டும்) ஆர்கைவ் லாக்கும் ஏறும். வேண்டிய நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். 4 டிபி டேட்டாபேஸ் என்றால், 10 கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். 1 கிகாபிட்டில் ஒன்பது மணி நேரம். ஒரே டேட்டாவை ஒருமுறை மட்டும் வைக்கும் டீடூப் ஸ்டோரேஜில் வாசிப்பு இன்னும் மெதுவாகலாம். இன்னொன்று: ஃபைல்ஸ்பெர்செட் (ஒரு பேக்கப் செட்டில் எத்தனை ஃபைல் என்ற அளவு) பெரிதாக இருந்தால் ஒரே ஒரு டேட்டாஃபைலை மீட்கவும் மற்ற ஃபைல்கள் கலந்த பேக்கப் செட்டை வாசித்தாக வேண்டும். இதைவிட மோசமானது ரிட்டென்ஷன் முரண், அதாவது பேக்கப்பை எத்தனை நாள் வைப்பது என்பதில் இரு பக்கமும் ஒத்துப்போகாதது. சாஃப்ட்வேர் தன் கணக்குப்படி பீஸை அழித்திருக்கும். பீஸ்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று பார்க்கும் கிராஸ்செக் கட்டளையை ஓட்டும்வரை ஆர்மேனுக்கு அது தெரியாது. இரு பக்கமும் ஒரே நாள் கணக்கு வைத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, டிஸ்க்கில் இமேஜ் காப்பி (டேட்டாஃபைல்களின் அப்படியே நகல்) வைத்து, தினமும் இன்கிரிமென்டலை அதோடு சேர்த்துவிடுவது. விழுந்தால் 'ஸ்விட்ச் டேட்டாபேஸ் டு காப்பி' என்ற கட்டளை போதும்; டேட்டாபேஸ் அந்தக் காப்பியையே பயன்படுத்தத் தொடங்கும். எதையும் நகலெடுக்க வேண்டாம், மிச்ச லாக்கை ஏற்றினால் போதும். வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் டேட்டாபேஸ் அளவுக்கு இன்னொரு டிஸ்க் வேண்டும், அதுவும் வேறு ஸ்டோரேஜில். சேர்த்து முடித்த புள்ளிக்கு முந்தைய நேரத்துக்கு இந்தக் காப்பியை வைத்துப் போக முடியாது.

பெரிய பரிவர்த்தனை டேட்டாபேஸுக்கு என் தேர்வு மூன்றாவதும் இரண்டாவதும் சேர்ந்தது: அவசரத்துக்கு இமேஜ் காப்பி, பழைய நாட்களுக்கும் வெளித் தளத்துக்கும் பிளக்இன். விஎம் ஸ்னாப்ஷாட் அப்ளிகேஷன் சர்வர்களுக்குப் போதும்.

சரி, வெண்டர் டெமோ காட்ட வந்தால் பழைய சர்வரைத் தொடாமல், காலி சர்வரில் கன்ட்ரோல்ஃபைலிலிருந்து (டேட்டாபேஸின் அமைப்பைக் குறித்து வைத்திருக்கும் ஃபைல்) தொடங்கி மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். வேறு சர்வரில் ரீஸ்டோர் செய்ய சாஃப்ட்வேரில் தனி அனுமதி தேவையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், ரெக்கவரி கேட்டலாக் (பேக்கப் விவரங்களை வைக்கும் தனி டேட்டாபேஸ் பதிவேடு) வைத்திருக்கவில்லை என்றால் டிபிஐடியை (டேட்டாபேஸின் அடையாள எண்) இன்றே குறித்து வையுங்கள்.