இழுபடாத தட்டு: ஒரு கோழிக்கூட்டோடு இரண்டு ஆண்டுகள்

இலங்கையின் திருகோணமலையில் என்னோடு வேலை செய்கின்ற, பக்கத்து ஊரான கிண்ணியாவிலிருந்து வரும் நண்பர் ஒருவர், 2023 ஆகஸ்டில் நான் வாங்கிய அதே கோழிக்கூடு இப்போது 34,000 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறதென்றும், வாங்கலாமா என்றும் சென்ற வாரம் கேட்டார். அவர் கேட்ட நாள் கூட்டுக்கு நல்ல நாளன்று. அன்று காலையில்தான் நான் அதன் அடித்தட்டை நான்காவது முறையாகத் திருத்தி முடித்து, தகரம் கீறிய உள்ளங்கைக்கு மருந்து கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தேன். ஆகவே அவருக்கு வாயால் சொன்ன பதிலைவிடச் சற்று நிதானமான பதிலை இங்கே எழுத முயல்கிறேன்.

பலகைத் துண்டுகளும் திருகாணிகளும் ஒரு பெட்டியில் வரும், ஒருவர் தனியாக ஒரு பிற்பகலில் பூட்டி முடிக்கலாம் என்று விளம்பரம் சொல்வது உண்மையே. ஆறு கோழிகளுக்குப் போதும் என்பதுதான் உண்மையன்று. உள்தளம் நாற்பத்திரண்டு அங்குல நீளமும் இருபத்து நான்கு அங்குல அகலமும் கொண்டது, அதாவது ஏழு சதுர அடி. கோழிக்கு மூன்று முதல் நான்கு சதுர அடி என்று கணக்கிட்டால் இரண்டு கோழிகளுக்குத்தான் அது கூடு. எங்களிடம் நான்கு நிற்கின்றன. அவை பகல் முழுவதும் வளவில் மேய்ந்துவிட்டு இருட்டும்போது தூங்குவதற்கு மட்டும் வருவதால் சமாளிக்கிறோம்.

இனித் தட்டுக்கு வருகிறேன். கூட்டின் அடியில், கோழிகள் இரவில் ஏறியிருக்கும் கட்டைக்கு நேர் கீழே, நாகம் (துத்தநாகம்) பூசிய தகரத் தட்டொன்று மேசை லாச்சியைப்போல் வெளியே இழுபடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முகப்பில் நாலங்குல உயரப் பைன் பலகையும் ஒரு சிறிய கைப்பிடியும் உண்டு. கோழி எச்சத்தின் கணிசமான பங்கு இரவில் கட்டையின் கீழேயே விழுவதால், தட்டில் உமியைப் பரப்பிவைத்துக் காலையில் இழுத்து வாழையடியில் கொட்டிவிட்டால் கூட்டுக்குள் குனிந்து சுரண்டும் வேலையே இல்லை. நினைத்தவருக்கு நல்ல மூளை இருந்திருக்கிறது. நான் இந்தக் கூட்டைத் தேர்ந்ததே அந்தத் தட்டுக்காகத்தான். முதல் இரண்டு மாதங்களும் அது வழுக்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அடிவளவுக்கு அழைத்துப்போய் இழுத்துக் காட்டினேன்.

ஐப்பசியின் கடைசியில் வாடை மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் தட்டு வரவில்லை. பலகை ஈரம் குடித்தால் நார் ஓடும் திசையில் அவ்வளவாக நீளாது. நாருக்குக் குறுக்காகத்தான் பருக்கும். முகப்புப் பலகை உயரத்தில் பருத்துச் சட்டத்துக்குள் இறுகிக்கொண்டது. தட்டு ஓடுகின்ற பக்கச் சட்டங்களின் தவாளிப்புகளும் அதேபோல் ஒடுங்கிவிட்டன. கைப்பிடியைப் பலமாக இழுத்தேன், கைப்பிடி மட்டும் வந்தது. ஐந்து நாட்கள் எச்சம் உள்ளேயே கிடந்து நனைந்து புளித்ததில், கதவைத் திறந்தவுடன் அமோனியா வாடை கண்ணைக் கரித்தது. மனிதருக்கே அப்படியென்றால் அதற்குள் பன்னிரண்டு மணித்தியாலம் இருக்கின்ற கோழியின் கண்ணுக்கும் மூச்சுக்குழாய்க்கும் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. மழை சற்று ஓய்ந்த பொழுதில் முகப்பைக் கழற்றி, சீவுளியால் மூன்று மில்லிமீற்றர் சீவி, மீண்டும் பூட்டினேன். தட்டு ஓடியது. பெருமையாகவும் இருந்தது.

இங்கே என் பிழையையும் சொல்லவேண்டும். பலகைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புப் பூச்சு அடிக்கும்படி கூட்டோடு வந்த கையேட்டில் எழுதியிருந்தது. வெளிப்பலகைகளுக்கு அடித்த நான் தட்டின் முகப்பையும் சட்டங்களையும் விட்டுவிட்டேன். ஆனால் அதே கையேடு, குளிர்காலத்தில் காற்றுத் துளைகளை அடைத்துவிடும்படியும் சொல்கிறது. அதன் அட்டைப் படத்தில் கூரைமேல் பனி கிடக்கிறது. இது எங்கோ குளிருக்கு அஞ்சுகின்ற ஊருக்கென்று செய்யப்பட்ட கூடு. திருகோணமலையில் கோழிக்குக் குளிரால் வரும் கேடு ஒன்றுமில்லை. வெக்கையால்தான் எல்லாக் கேடும்.

அந்த வெக்கையைக் கொண்டுவருவது கச்சான். கச்சான் என்றதும் வறுத்த கடலையை நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து மலைநாட்டைத் தாண்டி, தன் மழையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு எங்கள் பக்கம் இறங்குகின்ற காற்றுக்கும் அதுவே பெயர். 2024 ஆனியில் அந்தக் காற்று ஒரு கிழமை விடாமல் அடித்தபோது கூரையின் தார்த்தாள் இளகி விரலில் ஒட்டியது. கோழிக்கு வியர்ப்பதில்லை; பெரும்பாலும் அலகைத் திறந்து மூச்சு இளைத்துத்தான் அது தன் சூட்டைத் தணிக்கும். இரவு எட்டு மணிக்கும் நான்கு கோழிகளும் சிறகை விலக்கி இளைத்துக்கொண்டு நின்றதைக் கண்டபின், பின்சுவரின் மேற்பலகையைக் கழற்றி அரை அங்குலக் கண்ணுள்ள சதுரக் கம்பிவலை அடித்தேன். கூரைக்குமேல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகு வேய்ந்தேன். அத்தோடு வெக்கைப் பிரச்சினை தீர்ந்தது. இதே வலையைக் கூட்டைச் சுற்றியும் அடித்தேன், ஏனென்றால் கூட்டோடு வரும் அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்குமேயொழிய மரநாயையும் கீரியையும் வெளியே வைத்திருக்காது. கால்களைச் சீமெந்துக் கல்லில் ஏற்றியது கறையானுக்காக. இவையெல்லாம் ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக்கூடிய வேலைகள். இவற்றுக்காக நான் கோபிக்கவில்லை.

தட்டு மறக்கவிடவில்லை. மழையில் பருத்த அதே முகப்பு கச்சானில் வற்றியது. நான் சீவிய மூன்று மில்லிமீற்றரும், அது தானாகச் சுருங்கியதும், சட்டம் கோணியதும் சேர்ந்து, முகப்புக்கு மேலே சுண்டெலி தாராளமாக நுழையும் இடைவெளி விழுந்தது. எலிகள் தீவனத்துக்கு வந்தன. எலிகளுக்காக ஒரு சாரைப்பாம்பு வந்தது. சாரைக்கு நஞ்சில்லை, அது தேடி வந்ததும் எலியைத்தான் என்பதெல்லாம் தெரிந்திருந்தும், விடிகாலையில் தட்டை இழுக்கப்போன கை அதன் முதுகைத் தொட்டால் அந்த அறிவு உதவுவதில்லை. பழைய சைக்கிள் டியூப்பைக் கீலமாக வெட்டி இடைவெளியின் மேல் அடித்தேன். அது எலியை நிறுத்தியது.

அடுத்த மாரி வந்ததும் பலகை மீண்டும் பருக்க, இப்போது றப்பரும் சேர்ந்து, முதல் மாரியைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. அதற்குள் தகரமும் கைவிட்டது. எங்கள் வீடு உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்றும் கோழி எச்சமும் சேர்ந்தால் நாகப்பூச்சு எத்தனை நாளைக்குத் தாங்கும்? தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, ஒருவழியாக இழுபட்ட தட்டின் நடுவில் கறள் தின்ற ஓட்டைகள் வழியாக நிலம் தெரிந்தது. அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அந்த மாரியை ஒப்பேற்றினேன். அதைத்தான் மூன்றாவது திருத்தம் என்று கணக்கிடுகிறேன்.

சென்ற வாரம் செய்தது நான்காவது. மரச் சட்டங்களை முழுவதுமாகக் கழற்றி வீசிவிட்டு, இருபுறமும் அலுமினிய ஆங்கிள் பூட்டி, நகரத்தில் தகர வேலை செய்பவரிடம் அலுமினியத் தகட்டில் புதிய தட்டொன்று வளைத்து வாங்கி, முகப்பையும் அதிலேயே மடித்துவிட்டேன். தட்டில் இப்போது மரமே இல்லை. கையைக் கீறியது புதிய தட்டன்று, கழற்றும்போது பழையது.

இனி இந்தக் கூட்டின் மிக நல்ல அம்சத்தையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். முட்டைப் பெட்டி கூட்டின் பக்கவாட்டில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன் மூடியை வெளியிலிருந்தே, இடுப்பு உயரத்தில், ஒரு கையால் திறக்கலாம். உள்ளே தூங்கும் கட்டை முட்டைப் பெட்டியைவிடத் தாழ்வாக இருந்ததால் முதலில் கோழிகள் பெட்டிக்குள்ளேயே படுத்து அசுத்தம் செய்தன. கட்டையை ஒரு அடி உயர்த்தினேன், அன்றிரவே மேலே ஏறிவிட்டன. எழுபது வயது தாண்டிய, முழங்கால் மடக்க முடியாத என் அம்மா, இரண்டு ஆண்டுகளாக ஒரு நாளும் குனியாமல் முட்டை எடுக்கிறார். கோழிகள் இறகு உதிர்க்கும் காலம் தவிர அநேகமாக நாளுக்கு மூன்று முட்டைகள் கிடைக்கின்றன. இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்திருந்த 2023 இல் தொடங்கிய எங்களுக்கு அது சிறிய விடயமன்று. நான் தட்டோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு தடவையும் அம்மா, "கூட்டைக் குறை சொல்லாதை தம்பி, முட்டை எடுக்கிறது நான்தானே" என்பார்.

கணக்கையும் பார்த்துவிடலாம். வாங்கும்போது எடுப்பித்த கூலியோடு 42,500 ரூபாய். வலை, கிடுகு, கல், பூச்சு, ஆங்கிள், புதிய தட்டு என்று இதுவரை செலவானது 21,300. ஆக 63,800. அன்றைக்கு எங்கள் ஊர்த் தச்சர் பனஞ்சலாகையில் கூடு செய்து தர 65,000 கேட்டார், நான் விலை கூடவென்று சொல்லித் திரும்பினேன். இரண்டு மாரியும் ஒரு பாம்பும் பட்டு நான் மிச்சம் பிடித்தது 1,200 ரூபாய். நண்பருக்கு இப்போதைய விலையில், என்னைப்போலவே திருத்தச் செலவையும் சேர்த்துத் தச்சரின் அன்றைய கூலியோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தை நெருங்கி மிஞ்சும். புதிய தட்டின் அளவுகளையும் என்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். முட்டைப் பெட்டி மட்டுமே அந்த விலையில் பாதி பெறும் என்பதையும் மறுக்கமாட்டேன். இவ்வளவும் எழுதிய பிறகும் என் பதில், வாங்கவேண்டாம் என்பதுதான். புதிய தட்டு இன்னும் ஒரு மழையையும் காணவில்லை.

நண்பர் தொலைபேசியில் அம்மாவிடமும் கேட்டிருக்கிறார் என்பது நேற்றிரவுதான் தெரியவந்தது. அம்மா வாங்கச் சொல்லிவிட்டார். முட்டை எடுப்பது அவர்தான். ஆனால் தட்டை இழுப்பது நான்.