ஃபிரிட்ஜிலிருந்து நேரே வாய்க்கு: வெள்ளரிக்காய் ஊறுகாய்

வினிகரிலும் உப்புநீரிலும் ஊறவைத்த வெள்ளரிக்காய் பாட்டிலில் வருகிறதே, அதில் இரண்டு ரகம். ஒன்று கடை அலமாரியில் அடுக்கி வைத்திருப்பது, மற்றது கடையிலேயே குளிர்பெட்டிக்குள் இருப்பது. நொறுக்குத்தீனியாகத் தின்ன வாங்குகிறீர்களா, யோசிக்காமல் குளிர்பெட்டி ரகத்தை எடுங்கள்.

வித்தியாசமெல்லாம் சூட்டில்தான். வெளியே வைத்தாலும் மாதக்கணக்கில் கெடக்கூடாது என்று அலமாரி ரகத்தைப் பாட்டிலோடு சூடாக்கிப் பதப்படுத்துவார்கள், அந்தச் சூட்டில் காயைக் கெட்டியாக வைத்திருக்கும் பெக்டின் தளர்ந்துவிடும். கால்சியம் குளோரைடு போட்டு ஓரளவு விறைப்பைக் காப்பாற்றலாம், ஆனாலும் பச்சைக் காயைக் கடிக்கிற அந்த 'நறுக்' வராது. குளிர்பெட்டி ரகம் பெரும்பாலும் சூடே படாதது.

நீளவாக்கில் நான்காக நறுக்கிய துண்டுதான் என் கட்சி. முள்கரண்டியால் ஒன்றைத் தூக்கி, நீர் வடியும் வரை பாட்டில் வாயிலேயே கொஞ்சம் பிடித்து, ஃபிரிட்ஜ் கதவை மூடுவதற்குள் ஒரு கடி. முதலில் தோல் லேசாக முரண்டு பிடிக்கும், அப்புறம் சட்டென்று உடைந்து, விதைப்பகுதியில் தேங்கியிருந்த குளிர்ந்த புளிப்புநீர் மொத்தமும் நாக்கில் இறங்கும். பூண்டும் டில் என்கிற சதகுப்பைத் தழையும் கொஞ்சம் தாமதமாக வரும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் கடுகு பல்லில் சிக்கினால் அது தனிச் சந்தோஷம்!

இதே பாட்டிலை மேசையில் மறந்துவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், வினிகர் நெடி மூக்கில் ஏறும். குளிரில் வினிகரின் அமிலம் அவ்வளவாக ஆவியாகாது, அதனால் புளிப்பு நாக்கோடு நின்றுகொள்கிறது, காயின் வாசமும் தெரிகிறது.

வினிகரே இல்லாமல் வெறும் உப்புநீரில் தானாகப் புளிக்க வைத்ததும் கிடைக்கும். நீர் கலங்கலாக இருக்கும், கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடாதீர்கள், லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் வேலை அது. எனக்கு இதுதான் இன்னும் பிடிக்கும், புளிப்பு மெத்தென்று இருக்கும். சர்க்கரை போட்ட இனிப்பு ரகம் எனக்கு ஒத்துவரவில்லை, இரண்டாவது துண்டிலேயே திகட்டிவிடுகிறது.

குறை என்றால் உப்பு, அது சின்னக் குறையும் இல்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது சோடியம் 2,000 மில்லிகிராமுக்குள். நாலைந்து துண்டு தின்றாலே அதில் பெரும்பங்கு போய்விடலாம். லேபிளில் சோடியத்தைப் பார்க்கும்போது அது எத்தனை துண்டுக்கான கணக்கு என்பதையும் பாருங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு துண்டோடு மூடி வைப்பது நல்லது.

விரலை விட்டு எடுக்காமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள், மிச்சக் காய் நீருக்குள் மூழ்கியே இருக்கட்டும். காய் தீர்ந்ததும் நீரைக் கொட்ட வேண்டாம், மெல்லிசாக நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தால் மறுநாள் அதையும் எடுத்துத் தின்னலாம்.